ஊர் எடுத்துக்கொண்ட பேர்

தம்பி,

அன்புள்ள மகனுக்கு என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். அன்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நீ சிதம்பரத்தில் உன் மாமனார் வீட்டிலிருந்து போன் செய்தாய். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "புள்ளைக்கு அப்பா பேரையே வைக்கலாம்னு இருக்கோம்மா" என்றாய். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நம் குடும்பத்தில் தலைப்பேரனுக்குத் தாத்தா பேர்தான். எனக்கு இருப்பதும் என் தாத்தாவின் பேர்தான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அழுதாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. "சந்தோஷத்துல அவருக்கு வாயே வரலப்பா" என்று உன்னிடம் சொன்னாள். என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவளுக்கு என் முகம் படிக்கத் தெரியவில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும், பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது போய்ச் சேர வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இன்னாசி என்கிற என் பேர் இந்த ஊரில் என்னென்னவாக ஆகியிருக்கிறது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். மறந்த மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாய். படித்த படிப்பு வேறு எதற்கு உதவியதோ தெரியாது, இதற்கு நன்றாக உதவியிருக்கிறது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். படித்து முடித்ததும் உன் பெண்டாட்டிக்கும் படித்துக் காட்டு. இதில் ஒரு வரிகூட அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

மைக் செட்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ கருமாதியோ, கட்சிக் கூட்டமோ மாதா தேரோ, மைக்கில் எந்த அறிவிப்புச் சொன்னாலும் தன் கடைப் பேரைச் சொல்லித்தான் முடிப்பான். "அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் செல்ல வேண்டும்… ஒலி ஒளி அமைப்பு இன்னாசி சவுண்ட் சர்வீஸ், மஞ்சக்குப்பம்." அப்படிச் சொன்னால்தான் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். இருபது வருஷம் சொல்லிச் சொல்லி அது என் நாக்கில் ஊறிப்போய்விட்டது. உன் அம்மாகூடக் கேலி செய்வாள். "செபம் சொல்லி முடிச்சா எல்லாரும் ஆமென்னு சொல்லுவாங்க, இவுரு ஒலி அமைப்புன்னு முடிப்பாரு" என்பாள். அந்தப் பழக்கம்தான் என்னைக் கொன்றது.

இரண்டாயிரத்து நான்கில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் உன் சித்தப்பா நண்டு வாங்கக் கடற்கரைக்குப் போனான். கடல் எழுந்து வந்ததும் அவன் திரும்பி வராததும் உனக்குத் தெரியும். என் தம்பி ஓட்டக்காரன். பள்ளிக்கூடத்தில் அவனை ஓட்டத்தில் யாரும் பிடித்ததில்லை. யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், "தண்ணி வருது ஓடுங்கடா" என்று கத்தியிருந்தால் அவன் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கே ஓடி வந்திருப்பான். கத்த ஆள் இல்லை. அவனைக் குழியில் இறக்கும்போது எனக்கு மனசில் இருந்தது இது ஒன்றுதான். மற்றபடி அழுகைகூட வரவில்லை.

நம் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். கடலோரத்துச் சனம் பூராவும் அங்கே வந்து கிடந்தது. நான் என் ஸ்பீக்கர் குழாய்களைக் கொண்டுபோய் நாலா பக்கமும் கட்டி, சாப்பாடு, துணி, காணாமல் போனவர் விவரம் எல்லாவற்றையும் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மா சோறு வடித்தாள், நீ பந்தியில் பரிமாறினாய். நாலைந்து நாள் போயிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்ட நேரம். பைக்கில் இரண்டு பேர் "கடல் மறுபடியும் உள்ள வந்துடுச்சு, ஆத்துப் பக்கம் ஏறிகினு இருக்கு" என்று கத்திக்கொண்டே போனார்கள். அவர்கள் பின்னால் ஒரு கூட்டம் ஓடி வந்தது. நான் என்ன செய்ய வேண்டும்? பொறுமையாக ஆள் அனுப்பிக் கடலிடம் விசாரித்துவிட்டு வந்து சொல்ல வேண்டுமா? மைக்கைப் பிடித்துக் கத்தினேன். "தண்ணி வருது, தண்ணி வருது, புள்ளைங்களத் தூக்கிகினு ஓடுங்க, மேற்கால ஓடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி மூச்சு வாங்கி நிறுத்தின இடத்தில் என் நாக்கு, அந்தப் பாழாய்ப்போன நாக்கு, "ஒலி ஒளி அமைப்பு இன்னாசி சவுண்ட் சர்வீஸ், மஞ்சக்குப்பம்" என்று முடித்தது. சொன்னது எனக்கே தெரியாது. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

சனம் நெல்லிக்குப்பம் ரோட்டைப் பார்த்து ஓடியது. நீ மட்டும் ஓடாமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, வுட்டுட்டு வாப்பா, வாப்பா" என்று அழுதாய். "ஓடுடா நாயே, அம்மாவக் கூட்டிகினு ஓடுடா" என்று உன் இடுப்பில் ஒரு உதை விட்டேன். நீ ஓடினாய். நான் ஓடவில்லை, தம்பி. மண்டபம் காலியாகி, தெரு காலியாகி, நாய்கள் வந்து இலையில் இருந்த சோற்றைத் தின்ன ஆரம்பிக்கிற வரைக்கும் நான் கத்திக்கொண்டே நின்றேன். இந்த ஊரில் என்னைப் பற்றி எவ்வளவோ சொல்வார்கள், இதை மட்டும் ஒருத்தன் சொல்ல மாட்டான். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதில்லை. நாளைக்கு அதே மாதிரி இரண்டு பேர் பைக்கில் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

தண்ணீர் வரவில்லை. சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஒருத்திக்கு ஓட்டத்தில் கால் முறிந்திருந்தது. சோறு நாய்க்குப் போயிருந்தது, சாம்பார் அண்டா கவிழ்ந்து கிடந்தது, பிள்ளைகள் பசியில் கத்தின. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம், அடி வாங்கினால் ஆறிவிடும். மண்டபத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தானே செல்வராசு, அவன் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே ஓடி, கிளாஸோடு திரும்பி வந்திருந்தான். கிளாஸை ஒரு பார்வை பார்த்தான், என்னை ஒரு பார்வை பார்த்தான். அடித்தொண்டையில் என் குரலிலேயே, "தண்ணி வருது, ஓடுங்க… ஒலி ஒளி அமைப்பு இன்னாசி!" என்றான். முதலில் ஒரு பெண் சிரித்தாள். முந்தாநாள் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் அவள். பிறகு மண்டபமே சிரித்தது. கண்ணில் தண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். கடல் எழுந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர்கள் சிரித்த முதல் சிரிப்பு அது. அவர்களுக்கு அது தேவைப்பட்டது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் தம்பியைப் பறிகொடுத்தவன்தான். சிரிக்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பிறகு பேர் என் கையில் இல்லை. முதலில் பொய்ச் செய்திக்குத்தான் இன்னாசி என்றார்கள். யாராவது "ரேஷன்ல சர்க்கரை போடுறாங்களாம்" என்றால், "நெசமா, இன்னாசியா?" என்று கேட்டார்கள். அப்புறம் பற்றவைத்தால் புஸ் என்று போகிற வெடி இன்னாசி ஆனது. கரண்ட் வந்த மாதிரி வந்து ஓடிப்போனால் இன்னாசி. உறுமும், தண்ணீர் ஏறாது, அந்த மோட்டார் இன்னாசி. ஆரன் அடித்துக் கூப்பிட்டுவிட்டு இடமில்லாமல் போகிற ஷேர் ஆட்டோ இன்னாசி. துறைமுகத்தில் பேத்தை மீனை இன்னாசி என்றார்கள், பிடித்தால் பந்து மாதிரி உப்பும், தின்னச் சதை கிடையாது. பெண் பார்க்க வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போகிறவன் இன்னாசி மாப்பிள்ளை. தெருப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். ஒருத்தன் கத்துவான், மற்றவன் எல்லாம் ஓடுவான், கடைசியில் நிற்கிறவன் இன்னாசி. நம் கடை வாசலில் பஸ் நிற்கும் இடம் இன்னாசி ஸ்டாப்பிங். மீன் மார்க்கெட்டில் சும்மா குரைக்கிற ஒரு கிழட்டு நாய்க்கும் அதே பேர். அந்த நாய் என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்காது, அதுக்காவது நன்றி சொல்ல வேண்டும்.

கல்யாண வேலை நின்றுபோனது. "அவுரு மைக்கா? வேணாம்பா, தாலி கட்டுற நேரத்துல ஓட வெச்சுடுவாரு" என்று என் காதுபடவே பேசினார்கள். நீ பிளஸ் டூ முடித்த வருஷம் என்னிடம் வந்து, "அப்பா, போர்டுல பேரை மாத்திடலாம்பா, மெலடி சவுண்ட்ஸ்னு வெச்சிக்கலாம்" என்றாய். நான் தட்டை எடுத்து எறிந்தேன். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இவன் ஒரு நாள் என்னையே மாற்றிவிடுவான் என்று.

நீ சிதம்பரத்தில் இஞ்சினியரிங் சேர்ந்த பிறகு ஒரு வைகாசியில் பண்ருட்டிக்கு ஒரு சாவு வீட்டுக்கு மைக் கட்டப் போனேன். வரும்போது உன் அம்மாவுக்குப் பலாப்பழம் வாங்கலாம் என்று மண்டிக்குள் நுழைந்தேன். ஒன்றைத் தட்டிப் பார்த்தேன், மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. வியாபாரி நல்லவன். "அத்த எடுக்காத சார், அது இன்னாசி. சத்தம் ஜம்முனு வரும், உள்ள சொளை இருக்காது, பூரா சக்கைதான்" என்றான்.

"அது ஏம்பா அந்தப் பேரு?" என்றேன்.

"தெரியல சார். கடலூர்க்காரங்க சொல்லுவாங்க. ஏதோ சாமான் பேரு போலருக்கு."

"ஆளு பேருப்பா அது. மனுஷன் பேரு."

"சும்மா இரு சார். இந்தப் பேரப் போயி மனுஷனுக்கு வைப்பாங்களா?"

அந்தப் பழத்தையே கொடு என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அறுத்தால் அவன் சொன்ன மாதிரியே சக்கை. தேடிப் பிடித்ததில் இரண்டே சுளை. உன் அம்மாவுக்குக்கூடக் கொடுக்காமல் இரண்டையும் நானே தின்றேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல இனிப்பு.

பண்ருட்டி வரைக்கும் போனதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரியும் பஸ்ஸும் போகிற ஊருக்கு வார்த்தையும் போகும். ஆனால் சிதம்பரத்துக்கு அது எப்படிப் போனது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து எட்டு, மாசி மாசம். உன் அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், ஹாஸ்டலில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று. முன்கூட்டிச் சொல்லவில்லை, பார்த்ததும் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். கீழ வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் நீயே நிற்கிறாய். கூட நாலைந்து பேர். ஒருத்தன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான், அது சத்தம் போட்டுப் போட்டு அணைந்தது. நீதான் சொன்னாய். "வுட்றா, வண்டி இன்னாசி ஆயிடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது, அந்த வார்த்தை அவர்களுக்குப் புதிது இல்லை. கண்ணாடி போட்ட ஒரு பையன் கேட்டான், "எப்பப் பாத்தாலும் சொல்றியேடா, இன்னாசின்னா என்னாடா? யாராச்சும் ஆளா?" நான் ஒரு மினி லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் யாருக்குடா தெரியும்? எங்க ஊர்ல சும்மா கத்துறதுக்கு அப்படிச் சொல்லுவாங்க" என்றாய்.

சேசுவைத் தெரியாது என்று சொன்ன ராயப்பர்கூடப் பயத்தில் சொன்னார், வெளியே போய் மனம் கசந்து அழுதார். உன்னை அங்கே யார் கழுத்தில் கத்தி வைத்தது? நீ டீ குடித்தாய். கத்துவதற்கு அப்படிச் சொல்வார்கள் என்கிறாயே, அந்தக் கத்தலில்தானடா உன்னை உதைத்து ஓடவிட்டேன். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த பெண்பிள்ளை கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் உன் அம்மா கேள்வி கேட்பாள் என்று பொட்டலத்தை அவளிடமே நீட்டினேன். மூக்கிலிருந்து கையை எடுத்து வாங்கிக்கொண்டாள். "புள்ள எப்படி இருக்கான்?" என்று உன் அம்மா கேட்டாள். "நல்லா இருக்கான், நாலு பேரைச் சிரிக்க வெக்கிறான்" என்றேன். அவளுக்கு ரொம்பப் பெருமை.

போன வருஷம் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்தது. பிரித்தால், மணமகனின் தந்தை திரு. இக்னேஷியஸ். யார் இந்த ஆள் என்று உன் அம்மாவைக் கேட்டேன். நீதான் போனில் விளக்கம் சொன்னாய். "அதே பேருதாம்பா. அதே புனிதர்தான். இங்கிலீஷ்ல அப்படி." புனிதர் அதே ஆள்தான், எனக்கும் தெரியும். உன் அப்பன் அதே ஆளா? சிதம்பரத்தில் மண்டபத்து மைக்கில், "மணமகன் தந்தை திரு. இக்னேஷியஸ் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு நிஜமாகவே உறைக்கவில்லை, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா தொடையில் கிள்ளினாள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனேன். போட்டோவில் பார், கொடுக்கல் வாங்கலுக்கு வந்தவன் மாதிரி நிற்கிறேன்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது உன் பெண்டாட்டி, பாவம், நல்ல பெண், எழுந்ததும் எழாததுமாக அடுப்படிக்குப் போய்ச் சட்னி அரைத்தாள். திடீரென்று, "அத்தை, மிக்ஸி இன்னாசி ஆயிடுச்சு அத்தை. சத்தம் மட்டும் வருது, அரைக்க மாட்டேங்குது" என்றாள். உன் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். நான் கூடத்தில் இட்லி தின்றுகொண்டிருந்தேன், நீ எனக்கு எதிரில். அவள் உன்னோடு ஒரே கிளாஸில் படித்தவள், அந்த வார்த்தை அவளுக்கு யாரிடமிருந்து வந்திருக்கும் என்று நான் சோழி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நீ தலையை நிமிர்த்தவே இல்லை. "என்னா அத்தை, ஏதாவது தப்பா சொல்லிட்டனா?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். "ஒண்ணும் இல்லமா, ஜாரு சரியா உக்காரல" என்று உன் அம்மா மழுப்பினாள். அப்போதாவது நீ சொல்லியிருக்கலாம். நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இன்னொரு இட்லி கேட்டாய்.

அந்த டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. நீ சென்னையில் இருந்தாய். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, கூரை வீட்டில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலமே காற்று ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. செல்வராசு கடையிலேயே பின்பக்கம் தடுத்துக் குடியிருந்தான், மண்சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். எனக்கும் அவனுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. இருந்தாலும் போனேன். "செல்வராசு, கடைய மூடிட்டு உன் சம்சாரத்தக் கூட்டிகினு எங்க வீட்டுக்கு வா. நம்முது தளம் போட்ட வீடு" என்றேன். கடையில் ஆள் இருந்தது. ஆள் இருந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "பாருங்கடா, இன்னாசியே நேர்ல வந்து இன்னாசி வுடுறாரு" என்றான். டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறியது. நான் திரும்பி வந்துவிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டிருக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விடிந்து பார்த்தால் ஊரில் ஒரு மரம் நேராக இல்லை. செல்வராசின் சுவர் அவன் மேலேயே விழுந்திருந்தது. கை முறிந்த அவன் சம்சாரத்தைத் தூக்கி வந்தார்கள், அவனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். கேட்டதும் என் மனசில் முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? நல்லா வேணும். அதுதான் வந்தது. மனசறிந்து பொய் எழுத மாட்டேன். சாயங்காலம் அவன் சம்சாரம் ஆள் அனுப்பினாள். ஊரே இருட்டு, கரண்ட் இல்லை, ஒரு பாட்டுக்கூடப் போடாமல் அனாதைப் பிணம் மாதிரி கிடக்கிறான், அண்ணன் மனசு வைக்க வேண்டும் என்று. ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கயிற்றை இழுத்தேன். உறுமியது, குழாய் ஒரு தடவை கீ என்றது, அணைந்துவிட்டது. பிணத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தன் தன்னை மறந்து, "ஐயோ, இன்னாசி ஆயிடுச்சே" என்றான். அப்புறம் சிரிப்பு. மச்சான், மாமன், பங்காளி எல்லோரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த அந்தப் பொம்பளையும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள், அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வார்த்தையை உண்டாக்கினவன் காலடியில் கிடக்கிறான், வார்த்தை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அதனால் ஊரிடம் போய் என் பேரைத் திருப்பிக் கொடு என்று கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை. யார் மேல் கேஸ் போடுவது, பேத்தை மீன் மேலா? நீயும் உன் வாழ்க்கையில் ஊர் ஒரு பேர் வைத்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே, நேரம்தான் வீண். ஊரார் பேசினது எனக்கு வலித்தது, பழகிவிட்டது. எனக்கு ஆற்றாமை உன்மேல்தான். செல்வராசு என் முகத்துக்கு நேராகச் சொன்னான், நீ என் முதுகுக்குப் பின்னால் சொன்னாய். அவன் என் பேரைச் சொல்லி என்னைக் கேலி செய்தான். நீ என் பேரைச் சொல்லி, அப்படி ஒரு ஆளே இல்லை என்றாய். இதில் எது பெரிய காரியம் என்று உன் பெண்டாட்டியைக் கேட்டுப் பார், அவள் நியாயம் தெரிந்த பெண்.

இப்போது பேரனுக்கு அப்பா பேர் என்கிறாய். நீ பேசி முடித்த பிறகு உன் பெண்டாட்டி போனை வாங்கி, "மாமா, ஞானஸ்நானப் பத்திரிகையில இக்னேஷியஸ்னு போடப் போறோம், நீங்க கண்டிப்பா முன்னாடியே வந்துடணும்" என்றாள். எத்தனை ஆசையாகச் சொன்னாள்! உன் அம்மா அழுத அழுகையில் அதைக் கவனிக்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. குழந்தைக்கு என் பேரை வைக்கிறேன் என்று சொல்லி, சலவைக்குப் போட்டு எடுத்த பேரை வைக்கிறாய். ஊருக்கு நல்ல பிள்ளை, அப்பனுக்கும் நல்ல பிள்ளை, யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். கெட்டிக்காரன்டா நீ.

இரண்டில் ஒன்று செய். உன் மாமனார் பேரை வை. மகள் வயிற்றுப் பேரனுக்கு வைப்பது வழக்கமில்லைதான், போகட்டும், மனுஷன் தங்கமானவர், அவர் பேரைச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது, சத்தியமாக. இல்லை, அப்பா பேர்தான் என்றால், பூசுகிற வேலை வேண்டாம். ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் வைத்துச் சாமியார் கேட்பார், இந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வைக்கிறீர்கள் என்று. பெற்றவன்தான் பதில் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் நடக்கிற விசேஷம், உன் காலேஜ் கூட்டாளிகள் அத்தனை பேரும் வருவார்கள், அந்தக் கண்ணாடிக்காரனும் வருவான். "இன்னாசி" என்று சொல். முணுமுணுக்காதே, வெளியே கேட்கிற மாதிரி சொல். அவர்கள் சிரிப்பார்கள். உன் வழக்கமான குறும்பு என்று நினைத்துச் சிரிப்பார்கள். உன் பெண்டாட்டிகூடச் சிரிப்பாள். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் பக்கம் திரும்பி, "எங்க அப்பா பேரு" என்று சொல். அந்த மூன்று வார்த்தையைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் வருகிறேன், பேரனைப் பார்க்க அல்ல.

முடியாது என்றால் ஒரு போன் செய். உன் அம்மாவை மட்டும் பஸ் ஏற்றிவிடுகிறேன்.

அப்பா